தலைகளை அளந்த மருத்துவர்: ருடோல்ஃப் விர்ச்சோவும் தற்செயலின் எல்லையும்

1902ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பேர்லினில் காலமான ருடோல்ஃப் விர்ச்சோவை நவீன நோயியலின் தந்தை என்று மருத்துவ உலகம் போற்றுகிறது. நோய் என்பது உடலின் உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்ற அவரது கோட்பாடு, இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பாடங்களுக்கு அடித்தளமாக உள்ளது.

ஆனால், அவரது வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி மற்றுமொரு பணியில் கழிந்தது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. மனிதர்களின் தலைகளையும் உடல்களையும் அளந்து, அவற்றின் விகிதங்களை ஒப்பிட்டு, மக்கள் கூட்டங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டா என்று அவர் தேடினார். அந்தத் தேடல் ஜேர்மனியின் பள்ளிக்கூடங்களிலிருந்து இலங்கையின் காட்டு வேடர்கள் வரை நீண்டது. அளவில் தெரியும் வேறுபாடு மெய்யானதா, தற்செயலானதா, மெய்யானதாயின் அது எதை நிரூபிக்கிறது என்ற கேள்வியை அவரது வாழ்க்கை இன்றும் எழுப்பி நிற்கிறது.

மருத்துவரும் அரசியல்வாதியும்

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பொமெரேனியா மாகாணத்தில், ஷீவெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் இருக்கிறது. பெரும் வசதியற்ற குடும்பத்தைச் சேர்ந்த அவர், பேர்லினில் இருந்த இராணுவ மருத்துவக் கல்வி நிலையத்தில் பயின்று 1843இல் மருத்துவரானார்.

1848ஆம் ஆண்டு அவரது வாழ்வில் ஒரு திருப்புமுனை. மேல் சைலேசியாவில் பரவிய டைபஸ் கொள்ளைநோயை ஆராயுமாறு பிரஷ்ய அரசு அவரை அங்கு அனுப்பியது. போலிஷ் மொழி பேசிய வறிய மக்கள் கூட்டம் கூட்டமாக மடிவதை அவர் நேரில் கண்டார். நோய்க்கு மருந்து மட்டும் போதாது, கல்வியும் வேலைவாய்ப்பும் அரசியல் உரிமையும் வேண்டும் என்று அவர் எழுதிய அறிக்கை, அவரை அனுப்பிய அரசையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. பேர்லின் திரும்பிய சில நாட்களில் புரட்சி வெடித்தபோது, தடுப்பரண்களில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அதன் விளைவாக 1849இல் பேர்லினை விட்டு விலக நேர்ந்த அவர், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1856இல் புகழுடன் தலைநகர் திரும்பினார். உயிரணு நோயியல் பற்றிய அவரது நூல் 1858இல் வெளிவந்தது. 1859 முதல் பேர்லின் நகரசபை உறுப்பினராக இருந்து, நகரின் கழிவுநீர்த் திட்டத்திற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரானார். 1861இல் ஜேர்மன் முன்னேற்றக் கட்சியை நிறுவுவதில் பங்கேற்றார். பிரஷ்ய நாடாளுமன்றத்தில் அவரது விமர்சனங்களைத் தாங்கமுடியாத பிஸ்மார்க், 1865இல் அவரை இருவர் போருக்கு அழைத்ததும், விர்ச்சோ அதை மறுத்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

ஒரு விகிதத்தின் கதை

மனிதத் தலையை ஓர் எண்ணாக மாற்றும் வழக்கம் 1840களில் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ரெட்சியுஸுடன் தொடங்கியது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பது தலை விகித எண். பின்னாளில் நிலைபெற்ற வழக்கப்படி, 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80க்கு மேற்பட்டால் அகல்தலை, இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தலை.

எளிமையான இந்தக் கணக்கு ஐரோப்பாவில் விரைவில் அரசியல் ஆயுதமாயிற்று. பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையிலான போரின்போது, 1871இல் பாரிஸ் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பிரஷ்யக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அங்கு பணியாற்றிய மானிடவியலாளர் கத்ரஃபாஜ், பிரஷ்யர்கள் உண்மையில் ஜெர்மானிய இனத்தவர் அல்லர், ஃபின்னிய இனக்கலப்பு உள்ளவர்கள் என்று எழுதினார். புதிதாக ஒன்றுபட்ட ஜேர்மனியில் இது பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது.

1869இல் பேர்லின் மானிடவியல் சங்கத்தையும், 1870இல் ஜேர்மன் மானிடவியல் சங்கத்தையும் நிறுவியவர்களில் முதன்மையானவரான விர்ச்சோ, இதற்குப் பதிலளிக்கத் தேர்ந்தெடுத்த வழி எண்ணிக்கை. ஒரு சில மண்டையோடுகளை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதமுடியாது என்பது அவரது நிலைப்பாடு. தேசம் முழுவதையும் எண்ண வேண்டும் என்றார் அவர்.

67 இலட்சம் குழந்தைகள்

படைவீரர்களை அளக்கலாம் என்பதே முதல் யோசனை. இராணுவ அதிகாரிகள் அதற்கு இணங்கவில்லை. எனவே பள்ளிக் குழந்தைகளின் பக்கம் பார்வை திரும்பியது. குழந்தைகளின் தலையை ஆசிரியர்கள் அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், கண், முடி, தோல் ஆகியவற்றின் நிறத்தைப் பதிவு செய்வதென முடிவாயிற்று.

1870களின் நடுப்பகுதியில் ஜேர்மனியெங்கும் ஆசிரியர்கள் வகுப்பறைகளில் குழந்தைகளை எழுப்பி நிறுத்தி எண்ணினார்கள். கிழக்குப் பகுதிகள் சிலவற்றில் இது பீதியைக் கிளப்பியது. பிரஷ்ய அரசர் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டார், பொன்னிற முடியுள்ள குழந்தைகளைத் துருக்கிய சுல்தானுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி பரவியதால், பெற்றோர் பள்ளிகளுக்கு ஓடிச்சென்று பிள்ளைகளை மீட்க முயன்றார்கள்.

மொத்தம் 67 இலட்சத்து 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் எண்ணப்பட்டனர். முழு அறிக்கை 1886இல் வெளியானது. பொன்னிற முடி, நீலக் கண், வெண்மையான தோல் மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் சுமார் 32 சதவீதத்தினர் மட்டுமே. கருநிற வகையினர் சுமார் 14 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது சுமார் 54 சதவீதத்தினர், இரண்டும் கலந்தவர்கள். வடக்கிலிருந்து தெற்கே செல்லச்செல்லப் பொன்னிறத்தவரின் விகிதம் படிப்படியாகக் குறைந்தது. எங்கும் ஒரு கோடு கிழித்துப் பிரிக்க இயலவில்லை.

இவர்களில் யூதக் குழந்தைகள் சுமார் 75 ஆயிரம் பேர் தனியாக எண்ணப்பட்டிருந்தனர். அவர்களில் 11 சதவீதத்தினர் பொன்னிற வகையினராகவும், 42 சதவீதத்தினர் கருநிற வகையினராகவும் இருந்தனர். எஞ்சியவர்கள் கலப்பு நிறத்தவர்கள். சராசரியில் வேறுபாடு இருந்தது. ஆனால் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து அது எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க அந்த வேறுபாடு உதவாது என்பதை அதே எண்கள் காட்டின.

எண்ணிக்கையின் அரசியல்

இந்தக் கணக்கு வெறும் அறிவியல் ஆர்வத்தின் விளைவாக நின்றுவிடவில்லை. 1879 முதல் பேர்லினில் யூத எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றது. அரசவைப் போதகர் ஷ்டூக்கர் தெருக்கூட்டங்களிலும், வரலாற்றாசிரியர் டிரைட்ஷ்கெ எழுத்திலும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். யூதர்களின் உரிமைகளைக் குறைக்கக் கோரும் மனுவுக்கு நாடெங்கும் கையெழுத்துகள் திரட்டப்பட்டன. 1880 நவம்பரில் இந்த விவகாரம் பிரஷ்ய நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, அந்த இயக்கத்திற்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களில் விர்ச்சோவும் ஒருவர். அதே மாதத்தில் பேர்லினின் முக்கியப் பிரமுகர்கள் வெளியிட்ட கண்டன அறிக்கையிலும் அவர் கையெழுத்திட்டார்.

இருப்பினும், பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறார்கள். தூய இனம் இல்லை என்று காட்டுவதற்காகவே எண்ணினாலும், யூதக் குழந்தைகளைத் தனிப் பத்தியில் எழுதியதன் மூலம், அவர்கள் வேறு வகையினர் என்ற எண்ணத்தை ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்த ஆய்வே விதைத்துவிட்டது என்பது அவர்களது வாதம். அறிக்கையின் முடிவைப் படித்தவர்கள் சிலரே. வகுப்பறையில் பிரித்து எண்ணப்பட்ட அனுபவமோ இலட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. 1935இல் நாஜி அரசு நியூரம்பர்க் சட்டங்களை இயற்றியபோது, விர்ச்சோவின் முடிவுகள் புறக்கணிக்கப்பட்டிருந்தன. பிரித்து எண்ணும் பழக்கம் மட்டும் எஞ்சியிருந்தது.

இலங்கை வேடர்கள்

தமிழ் வாசகர்களுக்கு விர்ச்சோவின் மற்றோர் ஆய்வு நெருக்கமானது. 1881இல் அவர் இலங்கையின் வேடர்கள் குறித்தும், அண்டையில் வாழும் மக்களுடன் அவர்களுக்குள்ள தொடர்பு குறித்தும் ஒரு விரிவான கட்டுரையை பேர்லின் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். விர்ச்சோ இலங்கைக்குச் சென்றதில்லை. ஐரோப்பிய சேகரிப்புகளுக்கு வந்து சேர்ந்திருந்த சில மண்டையோடுகளும், பயணிகளும் காலனி அதிகாரிகளும் எழுதிய குறிப்புகளுமே அவரது ஆதாரம்.

வேடர்களின் மண்டையோடுகள் மிகச் சிறியவை என்று அவர் கண்டார். ஆனால் அது நோயினால் சிறுத்த தலை அன்று என்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். உடலே சிறியதாக இருக்கும்போது தலையும் சிறியதாக இருப்பது இயல்பு; தலையின் அளவைத் தனியே பார்ப்பதால் மட்டும் எதுவும் விளங்குவதில்லை. சிங்களவர்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்களும் தீவின் பழங்குடியினரும் கலந்து உருவானவர்கள் என்ற முடிவுக்கும் அவர் வந்தார். இக்கட்டுரை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இலங்கையிலும் படிக்கப்பட்டது.

ஜேர்மனியில் 67 இலட்சம் பேரை எண்ணியவர், ஒரு தீவின் மக்கள் வரலாற்றை விரல்விட்டு எண்ணத்தக்க மண்டையோடுகளிலிருந்து எழுத முற்பட்டார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சொந்த நாட்டுக்கு அவர் வகுத்த விதி, தொலைதூர நாட்டுக்குத் தளர்ந்துவிட்டது.

தற்செயல் எவ்வளவு தூரம் செல்லும்?

இந்தத் தளர்வின் விளைவை ஒரு சிறு கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். 180 மில்லிமீட்டர் நீளமும் 144 மில்லிமீட்டர் அகலமும் உள்ள தலையின் விகித எண் சரியாக 80. அளப்பவரின் கை ஒரேயொரு மில்லிமீட்டர் பிசகி அகலம் 143 என்று பதிவானால், எண் 79.4 ஆகிவிடும். அகல்தலையின் விளிம்பில் இருந்தவர் நடுத்தலைக்காரராகிவிடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் மாதிரியின் அளவு. ஒரே சமூகத்திற்குள்ளேயே இந்த எண் ஆளுக்கு ஆள் மாறுபடும். சராசரியிலிருந்து விலகும் அளவை சுமார் 3 அலகு என்று கொள்வோம். ஒரே மக்கள் கூட்டத்திலிருந்து பத்துப் பத்தாக இரு குவியல் மண்டையோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அவற்றின் சராசரிகளுக்கிடையே 2 அலகோ அதற்கு மேலோ வேறுபாடு தோன்றுவதற்கு ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே, பத்து மண்டையோடுகளை வைத்து இரு இனங்கள் என்று அறிவிப்பவர், ஒரே இனத்தையே இரண்டாகப் பிரித்துவிடக்கூடும்.

குவியலுக்கு ஆயிரம் என்று எடுத்தால், அதே 2 அலகு வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவது நடைமுறையில் சாத்தியமில்லை. வேறுபாடு மெய்யானது என்று துணிந்து கூறலாம். ஆயினும், அந்த வேறுபாட்டைக் கொண்டு தனியொரு மண்டையோடு எந்தக் குவியலைச் சேர்ந்தது என்று சொல்ல முயன்றால், நூற்றில் சுமார் 37 முறை தவறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐம்பது முறைதான் தவறும். வேறுபாடு உண்டு என்பதற்கும், அது மனிதர்களைப் பிரிக்கும் எல்லை என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இத்தகைய சோதனைக்கான சிந்தனை அன்றைய ஜேர்மனிக்கு அந்நியமானதல்ல. வில்ஹெல்ம் லெக்ஸிஸ் என்ற பொருளியலாளர் 1876இல், பிறக்கும் ஆண், பெண் குழந்தைகளின் விகிதம் ஆண்டுதோறும், ஊர்தோறும் மாறுபடுவதை நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு சோதித்தார். பகடை உருட்டினால் எதிர்பார்க்கக்கூடிய ஏற்ற இறக்கத்தை அந்த மாறுபாடுகள் தாண்டவில்லை என்று அவர் காட்டினார். பள்ளிக் குழந்தைகள் எண்ணப்பட்ட அதே காலகட்டத்தில், அதே நாட்டில் இது நிகழ்ந்தது. ஆனால் தலையை அளந்தவர்கள் அந்தக் கருவியைக் கையில் எடுக்கவில்லை. 1880களில் அளவுகளை எங்கிருந்து எங்கு எடுப்பது என்பதில் ஃபிராங்க்ஃபர்ட்டில் உடன்பாடு காண்பதற்கே அவர்கள் பெரும் முயற்சி செலவிட்டார்கள்.

இந்தியாவில் தொடர்ந்த அளவீடு

அளவுகோல் ஜேர்மனியோடு நின்றுவிடவில்லை. காலனி அதிகாரியான ரிஸ்லி 1890களில் இந்தியாவில் மூக்கின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியாவெங்கும் மக்களை அளந்தார். ஆரியம், திராவிடம் என்பவை மொழிக் குடும்பங்களின் பெயர்கள் என்பது மறக்கப்பட்டு, அவை தலைக்கும் மூக்கிற்கும் சூட்டப்பட்டன. ஜேர்மனியில் பிறந்த மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1888இலேயே இந்தக் குழப்பத்தைக் கண்டித்திருந்தும், இந்தியாவிலும் இலங்கையிலும் அரசியல் வாதங்களில் அது இன்றுவரை ஓயவில்லை.

இதற்கான கணிதப் பதில்களில் முக்கியமான ஒன்று கொல்கத்தாவிலிருந்து வந்தது. பிரசந்த சந்திர மகலனோபிஸ் 1920களில் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயத் தொடங்கி, பல அளவுகளை ஒருசேரக் கணக்கில் கொண்டு இரு கூட்டங்களுக்கிடையிலான தொலைவை மதிப்பிடும் முறையை உருவாக்கினார். 1936இல் முழுவடிவம் பெற்ற அந்த முறை இன்று அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. ரிஸ்லியின் வங்காளப் புள்ளிவிபரங்களையும் 1933இல் அவர் மீளாய்வுக்கு உட்படுத்தினார்.

விர்ச்சோவை ஆசானாக மதித்த ஃபிரான்ஸ் போவாஸ், ஜேர்மனியின் மின்டன் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1908 முதல் 1910 வரை நியூயார்க்கில் குடியேறிகளையும் அவர்களது பிள்ளைகளையுமாக சுமார் 18 ஆயிரம் பேரை அளந்த அவர், தலையின் விகிதமே ஒரு தலைமுறைக்குள் மாறக்கூடியது என்று அறிவித்தார். 2002இலும் 2003இலும் இரு ஆய்வுக் குழுக்கள் அதே அளவுகளை நவீன புள்ளியியல் முறைகளால் மீண்டும் சோதித்தன. மாற்றம் மிகச் சிறியது என்றது ஒரு குழு. போவாஸ் கூறியது பெரிதும் சரியே என்றது மற்றது. எண்கள் ஒன்றாக இருந்தும், எந்தத் தற்செயலோடு எதை ஒப்பிடுவது என்ற கேள்வியே விடையைத் தீர்மானித்தது.

பிழைகளும் எஞ்சியவையும்

விர்ச்சோ பிழைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். நியாண்டர்தால் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆதிமனிதனின் எலும்புகளை 1872இல் ஆராய்ந்த அவர், அவை நோயுற்ற மனிதனுடையவை என்று முடிவு செய்தார். ஒரேயொரு எலும்புக்கூட்டிலிருந்து ஒரு புதிய மனித வகையை அறிவிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. அந்த எச்சரிக்கையே இம்முறை அவரை வழிதவறச் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான பிஸ்மார்க்கின் போராட்டத்தை ஆதரித்து, அதற்குப் பண்பாட்டுப் போர் என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவரும் அவரே. காலனி நாடுகளிலிருந்து, இறந்தவர்களின் உறவினர்கள் சம்மதமின்றி எடுத்துவரப்பட்ட மண்டையோடுகளை அவர் தயக்கமின்றிப் பெற்றுக்கொண்டார் என்பது இன்று கடும் விமர்சனத்துக்குள்ளாகியுள்ளது.

1902 ஜனவரியில் பேர்லினின் லைப்சிகர் வீதியில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. எட்டு மாதங்களின் பின், 80ஆவது வயதில் உயிர் பிரிந்தது. அளவுகளில் தெரியும் வேறுபாடு தற்செயலா என்று சோதிக்க இன்று பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்றை, அதற்கு இரு ஆண்டுகள் முன்னர்தான் லண்டனில் கார்ல் பியர்சன் வெளியிட்டிருந்தார்.

விர்ச்சோ எண்ணிக்கையில் கண்டதை மரபணுவியல் வேறு வழியில் உறுதி செய்தது. மனிதர்களுக்கிடையிலான மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்திற்கு உள்ளேயே காணப்படுகிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டார். கூட்டங்களுக்கு இடையே இருப்பது எஞ்சிய சிறு பங்கே.

2019 நவம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம், தனது சேகரிப்பில் நூறாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைத்தது. விர்ச்சோவின் காலத்தில் அத்தகைய மண்டையோடுகள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகவே மதிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அவை முன்னோர்கள்.